சுங்கை சிப்புட்டில் ஒரு புள்ளியியல் வகுப்பு: 320 வெள்ளிக்கு நாலு படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டை யாராவது முடித்துக் கொடுத்துவிடுவார்களா என்று தேடுகிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிப்படாது. அப்படி நம்பி வந்த ஒரு தம்பி முதல் வாரம் இடைவேளையில் தே ஓ குடிக்கக் கீழே இறங்கியவர், அப்புறம் மேலே ஏறவே இல்லை. ரிக்ரெஷன் (புள்ளிகளுக்குப் பொருந்துகிற கோடு போட்டு ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிப்பது) போட்டு முடித்த பிறகு கணினி வரைந்து தரும் சோதனைப் படங்களை எப்படிப் பார்ப்பது, அதில் எது விஷயம், எது சும்மா தற்செயல், இதை மட்டும்தான் நான்கு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை சொல்லித்தருகிறார்கள். கட்டணம் 320 வெள்ளி (ரிங்கிட்), படிக்கிற பிள்ளைகளுக்கு 220. நான் முழுக் காசு கட்டித்தான் போனேன்.

இடம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, பதினொரு மணிக்கெல்லாம் மீன் குழம்பு வாசனை படியேறி வந்துவிடும், அதற்கு மேல் எந்தப் படத்தையும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஒன்பது பேர் இருந்தோம். இரண்டு பள்ளி ஆசிரியர்கள், கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு அக்கா, மாஸ்டர்ஸ் படிக்கிற ஒரு தங்கச்சி, ஈப்போவிலிருந்து வந்த மூன்று பேர், பால் பண்ணைக்காரர் ஒருவர், நான். நான் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கிராணி (குமாஸ்தா). என் அப்பா காலத்தில் பால் மரம் (ரப்பர்), இப்போது முழுக்கச் செம்பனை. முப்பத்தெட்டு வயதில் பகுதி நேரமாகப் பட்டம் படிக்கப் போய், கடைசி வருடப் பிராஜெக்டுக்குத் தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொண்டேன்: 48 பிளாக், ஒவ்வொன்றிலும் ஹெக்டருக்கு எத்தனை டன் குலை, மரத்தின் வயது, மரத்துக்கு எத்தனை கிலோ உரம், வருடத்தில் எத்தனை சுற்று அறுவடை. கோடு போட்டேன், ஆர்-ஸ்குவேர் (விளைச்சலின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு விளக்குகிறது என்ற அளவு) வந்தது, சந்தோஷமாக இருந்தேன். மேற்பார்வையாளர் "டயக்னோஸ்டிக் படம் எங்கே?" என்று கேட்டார். நாலு படத்தை ஒட்டி அனுப்பினேன். "அதில் என்ன தெரிகிறது?" என்று திரும்பக் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சொல்லித்தருபவர் ஓய்வு பெற்ற விரிவுரையாளர், அறுபது தாண்டியவர், எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். பேச்சு முழுக்கத் தமிழ், கலைச்சொற்கள் ஆங்கிலத்தில், கோபம் வந்தால் மலாய். ஆனால் ரெசிட்யுவல் என்ற சொல்லை மட்டும் கடைசி வரை அவர் பயன்படுத்தவில்லை. மீதி என்றுதான் சொன்னார். "விருந்தாளி எழுந்து போன பிறகு இலையைப் பார்க்கிறோம் இல்லையா, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் அங்கங்கே சிந்தியிருந்தால் சமையலில் குறையில்லை. எல்லா இலையிலும் பாகற்காய் மட்டும் அப்படியே இருந்தால் குறை விருந்தாளியிடம் இல்லை." மாடல் விளக்கியது போக மீந்ததில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் மொத்த வேலையும். நான்கு வாரம் கழித்து என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், எச்சம் என்று எழுதியிருந்த இடமெல்லாம் அடித்து மீதி என்று மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் கணினியைத் திறக்கவே விடவில்லை. எங்களை நாலு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தாள், ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். சராசரி எடுங்கள், கோடு போடுங்கள் என்றார். கால்குலேட்டரைத் தட்டி முடித்தால் நாலு குழுவுக்கும் ஒரே விடை: எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, சாய்வு 0.5, வெட்டுத்துண்டு 3, ஆர்-ஸ்குவேர் 0.67. பால் பண்ணைக்காரர் அடுத்த மேசைக்காரர்கள் நம்மைப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டார். அப்புறம் வரைபடத் தாளில் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒன்று ஒழுங்கான சிதறல். ஒன்று வில் மாதிரி வளைவு. ஒன்றில் பத்துப் புள்ளி கோடு கிழித்த மாதிரி நிற்க, ஒன்று மட்டும் மேலே துள்ளிக்கொண்டு நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளி எக்ஸ் 8இல் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்று மட்டும் தள்ளி 19இல். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் செய்து வைத்த எண்கள் இவை, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வருகின்றன. பாடப் புத்தகத்தில் நான் முன்பே பார்த்ததுதான், ஆனால் கையால் கணக்குப் போட்டு அடுத்தவனோடு சண்டை போட்ட பிறகு பார்ப்பது வேறு.

இதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. அந்த நான்காவது எண் கூட்டத்தை ஆரில் போட்டுச் சோதனைப் படம் கேட்டால், கடைசிப் படத்தில் அந்தத் தனிப் புள்ளியையே காணோம். கோட்டின் சாய்வு முழுக்க அந்த ஒரு புள்ளியின் கையில், அதனால் அதன் லெவரேஜ் (கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் பலம்) சரியாக 1. லெவரேஜ் 1 உள்ள எட்டாவது வரிசையை வரையவில்லை என்று ஆர் கீழே ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு, படத்தில் அதை விட்டுவிடுகிறது. சிவப்பெழுத்தில் என்ன வந்தாலும் தள்ளிக்கொண்டே போகிற என்னைப் போன்றவர்கள், குற்றவாளி இல்லாத குரூப் போட்டோவைப் பார்த்துவிட்டு எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லிவிடுவோம்.

சரி, நாலு படத்துக்கு வருகிறேன். ஆரில் மாடலை பிளாட் கட்டளைக்குள் போட்டால் வருகிற நாலும்தான். வகுப்பில் ஒவ்வொருவருடைய சொந்த டேட்டாவையும் திரையில் போட்டு எல்லார் முன்னாலும் பிரித்து மேய்கிறார். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் 320 வெள்ளியின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

முதல் படம்: குறுக்கே மாடல் சொன்ன மதிப்பு, நெடுக்கே மீதி. மழையில் சிமெண்டுத் தரையில் விழுந்த துளிகள் மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். என்னுடையது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, நடுவில் லேசான மேடு. ஒன்றுமில்லை டீச்சர் என்றேன். அவர் பதில் பேசாமல் குறுக்கு அச்சை மாற்றி, மாடல் சொன்ன மதிப்புக்குப் பதில் மரத்தின் வயதைப் போட்டார். கவிழ்த்து வைத்த சட்டி! இளம் பிளாக்குகள் எல்லாம் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு வயது மரங்கள் மேலே, கிழட்டு மரங்கள் மறுபடி கீழே. "தம்பி, நீங்கள் எத்தனை வருஷமாகத் தோட்டத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். செம்பனை மூன்றாம் வருட வாக்கில் காய்க்கத் தொடங்கி, ஏறி, சில வருடம் நின்று, அப்புறம் இறங்கி, இருபத்தைந்து வயதுவாக்கில் வெட்டி மறுநடவு செய்கிறோம், இது தோட்டத்தில் எந்த மண்டோரை (வேலை மேற்பார்ப்பவரை) கேட்டாலும் சொல்வார். நான் போட்ட நேர்கோட்டு மாடலோ, வருடா வருடம் ஒரே அளவு மாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. மண்டோருக்குத் தெரிந்தது மாடலுக்குத் தெரியவில்லை, நானும் அதற்குச் சொல்லவில்லை. முதல் படத்தில் ஏன் சரியாகத் தெரியவில்லை என்றால், விளைச்சல் ஏறி இறங்குவதால் வயதின் நேர்கோட்டுச் சாய்வு ஏறக்குறைய பூஜ்யம், அதனால் மாடல் சொன்ன மதிப்பில் வயதுக்குப் பங்கே இல்லை, உரமும் அறுவடைச் சுற்றும்தான் அந்த அச்சை நிரப்பின, மேடு கலைந்துபோனது. ஆர் தானாகத் தருகிற நாலு படத்தோடு நிற்காமல் ஒவ்வொரு காரணிக்கும் எதிராக மீதியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன், செய்ததில்லை. வயதின் வர்க்கத்தையும் மாடலில் சேர்த்தோம், சட்டி தட்டையானது.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புள்ளிகளின் ஊடே ஒரு சிவப்புக் கோடு வளைந்து போகும், எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்போம். அது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை வைத்து இழைத்துப் போட்ட கோடு. இரண்டு ஓரத்திலும் புள்ளி குறைவு, அங்கே ஒரே ஒரு புள்ளி கோட்டை மேலேயோ கீழேயோ இழுத்துக்கொண்டு போய்விடும். டீச்சர் ரூலரால் இரண்டு ஓரத்தையும் மூடிவிட்டு நடுவை மட்டும் பாருங்கள் என்பார். ஆசிரியர் ஒருவருடைய படத்தில் கோடு வலது ஓரத்தில் செங்குத்தாக ஏறியது, அவர் மாடலையே தூக்கி எறியத் தயாராகிவிட்டார். மூடிப் பார்த்தால் மிச்சமெல்லாம் பட்டையாக ஒரே மட்டம்.

இதே படத்தில் மாஸ்டர்ஸ் தங்கச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து நிலைக் கேள்வித்தாள் வைத்து, ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிட்ட பதிலை நேரடியாக ஒய் ஆகப் போட்டிருந்தார். படத்தில் ஐந்து சாய்ந்த கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, குன்றின் மேலிருந்து பார்த்தால் தெரிகிற லயத்து வீடுகள் மாதிரி. டேட்டா கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார். கெடவில்லை. ஒய் முழு எண்ணாக மட்டும் வந்தால், மீதி என்பது அந்த எண்ணிலிருந்து மாடல் சொன்ன மதிப்பைக் கழித்தது, அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு, எல்லாம் ஒரே சரிவில் இறங்கும். பிரச்சினை வேறு: வரிசைப்படுத்திய பதில்களுக்குச் சாதாரண ரிக்ரெஷன் போடலாமா என்பது. அதற்கு ஆர்டினல் மாடல் இருக்கிறது, ஆனால் அது இந்த வகுப்பில் வராது என்று சொல்லிவிட்டார். இந்த வெளிப்படை எனக்குப் பிடித்தது, தங்கச்சிக்குப் பிடித்திருக்காது.

இரண்டாவது படம் க்யூ-க்யூ. மூன்றாவது சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது, கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நான்கு வாரத்திலும் மறக்காத காலை அதுதான். மீதிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நார்மல் பரவலாக (நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகக் குறையும் மணி வடிவமாக) இருந்தால் எங்கே நிற்க வேண்டுமோ அதோடு ஒப்பிட்டுப் போடுவது. நேர்கோட்டை ஒட்டி நின்றால் சரி. இடது முனை கோட்டுக்குக் கீழே தொங்கி வலது முனை மேலே போனால் இரண்டு வாலும் கனம், அதாவது ஓரங்களில் அளவுக்கு மீறிய மதிப்புகள் அதிகம். இரண்டு முனையும் மேலே வளைந்து கிண்ணம் மாதிரி இருந்தால் வலப்பக்கம் நீண்ட பரவல். இதெல்லாம் எந்தக் குறிப்பிலும் கிடைக்கும். கிடைக்காதது, எவ்வளவு விலகினால் விலகல் என்பது. என் 48 புள்ளியில் கீழ் முனையில் இரண்டு மூன்று தொங்கின. இது வாலா, சும்மாவா?

டீச்சர் என் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய் ஏதோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் பிரிண்டரிலிருந்து தாள் வந்தது, சின்னச் சின்னதாக 20 க்யூ-க்யூ படங்கள். 19 படம் கணினி நார்மல் பரவலிலிருந்து புதிதாக உருட்டிய எண்கள், ஒன்று மட்டும் என்னுடையது. "உங்கள் பிள்ளையைக் கண்டுபிடியுங்கள்" என்றார். நானே கண்டுபிடிக்கவில்லை! ஒன்பது பேரில் ஒருவர்தான் சரியாகக் கைவைத்தார், அவரும் குத்துமதிப்பாகத்தான் என்று ஒப்புக்கொண்டார். சும்மா உருட்டிய படங்களிலேயே என்னுடையதைவிட மோசமாகத் தொங்குபவை நாலைந்து இருந்தன. அதே ஆட்டத்தை முன்பு பார்த்த வயதுப் படத்தோடு, வர்க்கம் சேர்ப்பதற்கு முந்தையதோடு ஆடினோம். ஒன்பது பேரும் ஒரே நொடியில் ஒரே படத்தைக் காட்டினார்கள், கவிழ்த்த சட்டி அவ்வளவு தெளிவு. ஆண்ட்ரியாஸ் புஜா, டயான் குக் முதலியவர்கள் 2009இல் இதை முறையான சோதனையாகவே எழுதியிருக்கிறார்கள். சும்மா கைவைத்தால் சரியாக விழ இருபதில் ஒரு வாய்ப்பு, அதாவது 0.05, புள்ளியியலில் வழக்கமாக எல்லையாக வைக்கிற அந்தப் பழைய எண்ணேதான். அந்தக் காலையிலிருந்து என் போனில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதற்கு 19 தம்பிகள் எப்படி இருப்பார்கள் என்று யோசிக்கிற வியாதி வந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார், பலர் தப்பாகச் செய்வது: நார்மலாக இருக்க வேண்டியது மீதி, ஒய் அல்ல. விளைச்சல் எண்களை நேரடியாக ஹிஸ்டோகிராம் போட்டு, கோணலாக இருக்கிறது என்று லாக் எடுப்பவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர். அதோடு நாலு படத்திலும் இதுதான் குறைவாகக் கவலைப்பட வேண்டியது, வளைவை முதலில் சரி பண்ணாமல் க்யூ-க்யூவைப் பார்த்தால் வளைவே வாலாகத் தெரியும் என்றார். அப்படியானால் ஏன் டீச்சர் ஒரு காலை முழுக்க இதற்கே, என்று கேட்க நினைத்தேன், மீன் குழம்பு வாசனை வந்துவிட்டது.

மூன்றாவது படம் ஸ்கேல்-லொக்கேஷன். மீதியின் குறியை எடுத்துவிட்டு வர்க்கமூலம் போட்டு, சிதறல் ஒரே அளவா, போகப் போக விரிகிறதா என்று பார்ப்பது. என்னுடையது வலப்பக்கம் லேசாக ஏறியது: அதிக விளைச்சல் பிளாக்குகளில் சிதறலும் அதிகம். கோட்டின் சாய்வு இதனால் ஒருபக்கம் சாய்ந்துவிடாது, ஸ்டாண்டர்ட் எரர்தான் (அந்தச் சாய்வு எவ்வளவு தள்ளாடக்கூடியது என்ற அளவு) பொய் சொல்லும் என்றார். மருந்து லாக் எடுப்பது, எடை கொடுத்துப் போடுவது, அல்லது சிதறல் சமமில்லாவிட்டாலும் தாங்குகிற ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர். இந்த மூன்றையும் பத்தே நிமிடத்தில் ஓட்டிவிட்டார், எனக்கு மிகவும் தேவைப்பட்டது இதுதான். நோட்டில் பாதி வரியோடு நிற்கிறது. பெரிய குறை இது.

நான்காவது படத்துக்கு வருவோம், நான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். குறுக்கே லெவரேஜ், அதாவது அந்தப் புள்ளியின் எக்ஸ் மதிப்புகள் மற்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது. நெடுக்கே அளவுபடுத்திய மீதி. கூடவே 0.5, 1 என்று குறித்த விட்டுவிட்டுப் போகும் வளைகோடுகள், அவை குக் தூரம். டென்னிஸ் குக் 1977இல் கொடுத்தது, மேலே சொன்ன டயான் குக் வேறு, நான் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடு எவ்வளவு நகரும் என்பதற்கான அளவு அது. லெவரேஜ்களின் கூட்டுத்தொகை எப்போதும் மாடலில் உள்ள கெழுக்களின் எண்ணிக்கைதான். எனக்கு ஐந்து கெழு (வெட்டுத்துண்டு, வயது, வயதின் வர்க்கம், உரம், அறுவடைச் சுற்று), 48 பிளாக், சராசரி 0.10. அதற்கு இரண்டு மடங்கு தாண்டினால் திரும்பிப் பார் என்பது பழக்கம்.

என் படத்தில் 47 புள்ளிகள் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்தன. வலது கோடியில், 0.98இல், தன்னந்தனியாக ஒன்று. பக்கத்தில் 31 என்று எண். குக் தூரம் 1 என்ற கோட்டையும் தாண்டி எங்கோ.

"31ஆம் பிளாக் என்ன தம்பி?" எனக்கு நன்றாகத் தெரியும் அந்த பிளாக். ஆற்றோரம், மழைக்காலத்தில் டிராக்டர் மாட்டிக்கொள்ளும், மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை, விளைச்சலும் சுமார். எக்செல்லைத் திறந்து வரிசை 31க்குப் போனோம். உரம், மரத்துக்கு 85 கிலோ. வகுப்பே சிரித்தது. 8.5 என்பது 85 ஆகியிருக்கிறது. எண்பத்தைந்து கிலோ உரத்தை ஒரு மரத்தடியில் கொட்டினால் மரம் தப்பிக்குமா?

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம், முதல் படத்தில் இந்தப் புள்ளி எங்கே இருந்தது என்பது. கூட்டத்தின் நடுவில்! மீதி சின்னது, மாடல் சொன்ன மதிப்பும் எல்லாரையும் போல. ஏன் என்று டீச்சர் ரூலரை வைத்துக் காட்டினார். ரூலரின் ஒரு முனையை 47 புள்ளிக் கூட்டத்தில் வைத்து, மறு முனையை எங்கோ தூரத்தில் நிற்கிற இந்த ஒன்றின் மேல் வைத்தால், ரூலரைத் தூக்கவும் இறக்கவும் வல்லது இந்த ஒன்றுதான். அது கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, தன் பக்கம் வந்த கோட்டுக்கும் தனக்கும் என்ன இடைவெளி இருக்கும்? சுமாரான விளைச்சல் உள்ள பிளாக்குக்கு 85 கிலோ உரம் என்று எழுதியதால் உரத்தின் சாய்வு பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. உரம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று என் பிராஜெக்டில் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். அதை மானேஜரிடம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

க்யூ-க்யூ படத்தில் கீழ் முனையில் இரண்டு மூன்று தொங்கின என்றேனே, அதில் ஒன்று இந்த 31தான். அளவுபடுத்தும்போது லெவரேஜைக் கணக்கில் எடுப்பதால் அங்கே கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது. நாங்கள்தான் 20 படம் போட்டு அது சும்மா என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். டீச்சர் சமாளிக்கவில்லை. "போன வாரம் நான் சொன்னது பரவலின் உருவத்தைப் பற்றி, ஒவ்வொரு புள்ளியும் யோக்கியமானது என்று நான் சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரி உங்களுக்குக் கேட்டிருந்தால் தப்பு என்னுடையது" என்றார். திருத்திய பிறகு உரத்தின் சாய்வு நிமிர்ந்தது, 47 புள்ளிகளும் படத்தில் மூச்சு விட்டன. அதற்கும் ஒரு கடிவாளம் போட்டார்: நல்ல பிளாக்குக்குத்தான் மானேஜர் அதிக உரம் ஒதுக்குவார் என்றால் உரம் விளைச்சலைத் தந்ததா, விளைச்சல் உரத்தைத் தந்ததா என்று எந்தப் படமும் சொல்லாது. திங்கட்கிழமை ஆபீஸில் உரப் பதிவேட்டைப் புரட்டினேன். பதிவேட்டில் 8.5 தான். எக்செல்லில் அடித்தது நான்.

நாலு படத்திலும் வராதது ஒன்று உண்டு, புள்ளிகள் ஒன்றுக்கொன்று சுதந்திரமானவையா என்பது. பால் பண்ணைக்காரருடையது மாதக் கணக்கு. நாலு படமும் பளிச்சென்று இருந்தன. மீதியை மாத வரிசையில் போட்டதும் மேலே ஆறு மாதம், கீழே ஆறு மாதம் என்று ஊஞ்சல் ஆடியது. இதற்கு டர்பின்-வாட்சன் என்று 1950இலிருந்தே சோதனை இருக்கிறது, அடுத்தடுத்த மீதிகளுக்குத் தொடர்பில்லை என்றால் எண் 2ஐ ஒட்டி வரும், அவருக்கு ஒன்றுக்கும் கீழே. என் பிளாக்குகளிலும் பக்கத்துப் பிளாக் ஒரே மண், ஒரே வெள்ளம், ஒரே அறுவடைக் கோஷ்டி. இதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, தோட்ட மேப்பின் மேலேயே மீதியை வண்ணமிட்டுப் பாருங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து செய்தேன். ஆற்றோரப் பிளாக்குகள் நாலைந்து சேர்ந்து சிவப்பாக நிற்கின்றன. என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.

மற்றக் குறைகள். புரொஜெக்டர் பழசு, சிவப்புக் கோடு திரையில் ஆரஞ்சும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் தெரிகிறது, கொடுக்கிற குறிப்போ கறுப்பு வெள்ளை நகல், அதில் எந்தக் கோடு எது என்று பேனாவால் நாமே குறித்துக்கொள்ள வேண்டும். படங்களைப் பற்றிய வகுப்புக்கு இது அநியாயம். ஏர்கோண்ட் சொட்டுகிறது, மூன்றாவது மேசையில் உட்காராதீர்கள். லேப்டாப் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், ஆரை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள், அங்கே உள்ள வைஃபையில் அது இறங்கி முடிவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். லொஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம், இல்லை என்று இரண்டே விடை வரும் டேட்டாவுக்கானது) பற்றிக் கேட்காதீர்கள், அதற்கு இந்தப் படங்கள் இப்படியே பொருந்தாது, வேறு விதமாகப் பார்க்க வேண்டும், அது அடுத்த வகுப்பு என்பார். கிளினிக் அக்கா இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் அதே பதில்தான். நோயாளி திரும்பி வந்தாரா இல்லையா என்பதுதான் அவருடைய டேட்டா, பாவம், சேரும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரருக்கும் கறுப்பு வெள்ளை நகலுக்கும் போனது. கையில் சொந்த டேட்டா இருந்து, அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் போங்கள். இணையத்தில் இறக்கிய டேட்டாவோடு வந்த ஈப்போ நண்பர் ஒருவருக்கும் லெவரேஜ் உயர்ந்த புள்ளி ஒன்று கிடைத்தது, டீச்சர் அது என்ன என்று கேட்டார், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அதோடு பேச்சு நின்றுவிட்டது.

மோட்டோரில் போனால் படிக்குப் பக்கத்திலேயே விடலாம். காடியில் போகிறவர்கள் எட்டரைக்குள் போய்விடுங்கள், சனிக்கிழமை காலையில் சந்தைக்கு வருகிற கூட்டம் ஒன்பது மணிக்கு மேல் ஒரு இடம் விடாது. கீழே கடையில் சாப்பாடு பன்னிரண்டுக்கே தயார், வகுப்பு ஒரு மணிக்கு விடும்போது மீன் தலை முடிந்திருக்கும், இடைவேளையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.